சொந்தக் காலில் நின்ற கல்விச்சாலை: ஜாவா தீவின் கொந்தோர் வரலாறு

 

ஆண்டறிக்கை மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, பத்ருக் களத்தையோ அந்தலுஸின் வீழ்ச்சியையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவை பலமுறை எழுதப்பட்டவை, இனியும் எழுதப்படும். இம்முறை நாம் ஒரு பள்ளிக்கூடத்தின் கதையை எழுதத் துணிந்ததற்குக் காரணம், சென்ற ஷஅபான் மாதத்தில் நம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு கடிதமாகும்.

வளைகுடா நாட்டில் தொழில் செய்துவரும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர், நம் மக்தபுக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை முழுவதும் தம் செலவிலேயே கட்டித் தருவதாகவும், உஸ்தாதுமார்களின் ஊதியத்தையும் ஆண்டுதோறும் தாமே ஏற்பதாகவும் எழுதியிருக்கிறார். பதிலுக்கு அவர் கேட்பவை இரண்டே: கட்டடத்துக்குத் தம் குடும்பப் பெயரைச் சூட்டவேண்டும், உஸ்தாதுமார்களை நியமிப்பதிலும் நீக்குவதிலும் தம் சொல்லுக்கு இடம் வேண்டும். அவர் நல்ல மனிதர். அவருடைய நிய்யத்தில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் கடிதத்தைக் கேட்டவுடன் மகிழ்ந்தவர்களும், முகம் சுருங்கியவர்களும் நம்மில் இருந்தனர். இரு தரப்பாரின் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் பட்டது. இதே கேள்வியை நமக்கு முன் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

இத்துறையில் நம் நாட்டு ஆலிம்கள் அனைவரும் அறிந்த ஒரு முன்னுதாரணம் உண்டு. 1866ஆம் ஆண்டு, ஸஹாரன்பூர் மாவட்டத்துத் தேவ்பந்தில் சத்தா மஸ்ஜிதின் வளாகத்தில், ஓர் ஆசிரியரையும் ஒரு மாணவரையும் கொண்டு தாருல் உலூம் தொடங்கப்பட்டது. அதன் நடைமுறைக்காக மவ்லானா காஸிம் நானூத்தவீ (ரஹ்) அவர்கள் எட்டு விதிகளை எழுதிவைத்தார்கள். அவற்றுள் ஆறாவது விதி, முதன்முறை படிப்போரைத் திடுக்கிடச் செய்யும். நிலையான வருமானம் இல்லாதிருக்கும் வரை இம்மத்ரஸா நிலைக்கும். ஜாகீரோ தொழிற்சாலையோ வணிகமோ செல்வந்தரின் வாக்குறுதியோ கிடைத்துவிட்டால், இறைவன் மீதுள்ள அச்சமும் ஆதரவும் குன்றி, ஊழியர்களிடையே பிணக்கு தோன்றும் என்பது அதன் கருத்து. அரசாங்கத்தின் பங்கும் செல்வந்தர்களின் பங்கும் தீங்கு பயக்கும் என்பது ஏழாவது விதி. பெயரையும் புகழையும் நாடாதவர்களின் நன்கொடையே பரக்கத் மிக்கது என்பது எட்டாவது.

நாம் ஓதிய காலத்தில் இவ்விதிகளை ஒரு தவநெறி போலவே எண்ணியிருந்தோம். அவற்றின் பின்னுள்ள வரலாறு பிற்காலத்தில்தான் விளங்கியது. முகலாயர் ஆட்சியில் மத்ரஸாக்கள் மானிய நிலங்களின் வருவாயில் வாழ்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி, 1828 தொடங்கி வங்காளத்தில் வரியில்லா நிலங்களின் பத்திரங்களைக் கேட்டுப் பறிமுதல் செய்யத் தொடங்கியபோது, அந்நிலங்களை நம்பியிருந்த கல்விக்கூடங்கள் வேரறுந்து வீழ்ந்தன. 1857இன் அழிவு அதைத் தொடர்ந்தது. நிலத்தைக் கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை அது. ஆகவே ஒருவரின் ஆயிரத்தைவிட ஆயிரம் பேரின் ஒவ்வொரு ரூபாயை அவர்கள் நம்பினர்.

தேவ்பந்தின் வழி நன்கறியப்பட்டது. அதற்கு நேரெதிர்போலத் தோன்றும் வேறொரு வழி, கடல் கடந்த ஜாவாவில் இருக்கிறது. நம் மக்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர் கொந்தோர். ஜாவானிய மொழியில் ‘அழுக்கான இடம்’ என்னும் தொடரே சுருங்கி இப்பெயரானது என்று ஊரார் கூறுவர். ஒரு காலத்தில் காடாகவும் கள்வர்களின் மறைவிடமாகவும் இருந்ததாம். அதன் அருகே தெகால்சாரி என்னும் ஊரில், 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பெஸாந்த்ரென் ஒன்று இருந்தது. (பெஸாந்த்ரென் என்றால் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயிலும் மார்க்கக் கல்விச்சாலை. அதற்குப் பொன்டோக் என்றும் பெயர். அரபியில் தங்குமிடத்தைக் குறிக்கும் ‘ஃபுந்துக்’ என்பதே மூலம். மாணவருக்கு ‘சாந்த்ரி’ என்று பெயர். அச்சொல் தமிழிலிருந்து சென்றது என்று ஜான்ஸ் என்னும் அறிஞரும், ‘சாஸ்திரி’யிலிருந்து வந்தது என்று பெர்க் என்பவரும் கருதினர். எது சரியோ, மலாய் மொழியில் பள்ளிவாசல் பணியாளரைக் குறிக்கும் ‘லெபாய்’ நம் லெப்பைதான் என்பதில் மகிழ்ச்சி கொள்வோம்.)

1742ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தலைநகரை இழந்த மன்னர் இரண்டாம் பாகுபுவோனோ தெகால்சாரியில் அடைக்கலம் புகுந்தார் என்றும், அரியணை திரும்பியபின் நன்றியாக அவ்வூருக்கு வரிவிலக்கு அளித்தார் என்றும் மரபு கூறுகிறது. மன்னரின் ஆதரவும் பேரறிஞர்களின் புகழும் பெற்ற அப்பள்ளி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேய்ந்துபோயிற்று. தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதே வழக்கம். மகனுக்குக் கல்வி இல்லையெனில் பள்ளிக்கும் கல்வி இல்லை. தெகால்சாரியின் மாணவரும் மருமகனுமான ஸுலைமான் ஜமாலுத்தீன் என்பவர் கொந்தோரில் நிறுவிய பள்ளிக்கும் இதே நிலை நேர்ந்தது. மூன்றாம் தலைமுறையான ஸந்தோஸோ அனோம் பெஸாரியின் காலத்தில், ஒரு சிறு பள்ளிவாசலும் ஒரு சில மாணவருமே எஞ்சினர். அவரும் பின் அவர் மனைவியும் மறைந்தபோது பிள்ளைகளில் இளையவர்கள் சிறுவர்களே.

அவர்களுடைய பிள்ளைகளில் மூவர்: அஹ்மத் ஸஹல் (1901-1977), ஸைனுத்தீன் ஃபனானீ (1908-1967), இமாம் ஸர்கஷீ (1910-1985). கடைசிப் பெயரில் உள்ள ‘இமாம்’ பட்டமன்று. பெற்றோர் இட்ட பெயர்.

1926ஆம் ஆண்டு, மன்னர் அப்துல் அஸீஸ் மக்காவில் கூட்டவிருந்த உலக முஸ்லிம் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க, ஸுரபாயாவில் முஸ்லிம் தலைவர்கள் கூடினர். அங்குச் செல்பவருக்கு அரபியும் ஆங்கிலமும் தெரிந்திருக்கவேண்டும். கோடிக்கணக்கான முஸ்லிம்கள் வாழும் அந்நாட்டிலிருந்து, இரண்டு மொழியும் ஒருசேர அறிந்த ஒருவர் கிடைக்கவில்லை. இறுதியில் இருவரை அனுப்பினர்: ஸரேகத் இஸ்லாம் தலைவர் சோக்ரோஅமினோத்தோவும், முஹம்மதிய்யா இயக்கத்தின் மாஸ் மன்ஸூரும். அக்கூட்டத்தில் கலந்துகொண்டிருந்த அஹ்மத் ஸஹல், ஊர் திரும்பித் தம்பியரிடம் இதைச் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், ஹிஜ்ரி 1345 ரபீஉல் அவ்வல் 12இல், தந்தையின் பாழடைந்த பள்ளியை மீண்டும் திறந்தனர். பெரியார்க்கு அன்று அகவை 25, ஸர்கஷீக்கு 16.

தொடங்கியது ஊர்க் குழந்தைகளுக்கான மக்தபாகவே. மூத்தவர் ஊரில் தங்கி நடத்த, இளையவர்கள் வெளியூர் சென்று பயின்றனர். ஸர்கஷீ, ஸோலோ நகரில் துனீஸியா நாட்டு அகதியான முஹம்மது அல்ஹாஷிமீயிடம் அரபி கற்று, சுமத்ராவின் பாதாங்கில் மஹ்மூத் யூனுஸ் என்னும் கல்வியாளரிடம் ஆசிரியப் பயிற்சி பெற்று மீண்டார். 1936 டிசம்பர் 19ஆம் நாள் ‘குல்லிய்யத்துல் முஅல்லிமீன்’ என்னும் ஆறாண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்வியைத் தொடங்கினர். வந்தது சோதனை!

வகுப்பறையில் பலகை, பெஞ்சு, மாணவர்க்குக் கால்சட்டை, ஃபிக்ஹும் தஃப்ஸீரும் கற்ற அதே நாளில் கணிதமும் புவியியலும், அரபியை மொழிபெயர்க்காமல் அரபியிலேயே கற்பிக்கும் முறை, போதாக்குறைக்கு ஆங்கிலம். ‘காஃபிர்களின் கோலம்’ என்று ஊர்கள் தோறும் பேச்செழுந்தது. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். நூற்றுக்கணக்கில் இருந்த மாணவர் தொகை 16 ஆகக் குறைந்தது. அப்பதினாறு பேரை வைத்துக்கொண்டே பாடத்திட்டம் நடந்தது, ஓரெழுத்தும் மாற்றப்படவில்லை. சில ஆண்டுகளில் தொகை மீண்டும் பெருகியது. மக்கள் ‘பொன்டோக் மோடர்ன்’ என்று பட்டப்பெயர் சூட்ட, தாருஸ்ஸலாம் என்னும் உண்மைப் பெயரை அது பின்னுக்குத் தள்ளிவிட்டது.

ஆங்கிலத்தைக் கற்பித்ததில் ஒரு நுட்பம் உண்டு. அன்று ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். அரசு வேலைக்குத் தேவை டச்சு மொழி. ஆங்கிலம் கற்றவனுக்கு ஜாவாவில் குமாஸ்தா வேலையும் கிடைக்காது. வேலைக்காக ஆள் தயாரிப்பது நம் நோக்கமன்று என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே அவர்கள் சொல்லிவிட்டனர். டச்சு அரசு தனியார் பள்ளிகளுக்கு நிபந்தனைகளுடன் மானியம் அளித்துவந்தது. முஹம்மதிய்யா தன் சில பள்ளிகளுக்கு அதைப் பெற்றுக்கொண்டது. தேவந்தரோவின் தாமான் ஸிஸ்வா மறுத்துவிட்டது. கொந்தோரும் அந்த வாசலுக்குச் செல்லவில்லை.

நான்கு ஊர்களின் பாடம்

இம்மூவரும் தம் பள்ளிக்கு நான்கு கல்விச்சாலைகளை முன்மாதிரியாகக் கொண்டதாகக் கூறினர். நாம் இவ்வரலாற்றில் மிகவும் தங்கி நின்ற இடம் இதுவே. எகிப்தின் அல்அஸ்ஹர், மேற்குப் பாலைவனத்து ஷின்கீத், நம் நாட்டின் அலிகார், நம் நாட்டின் சாந்திநிகேதன்.

அலிகார் என்றதும் வியப்பில்லை. 1875இல் ஸர் ஸையித் அஹ்மத் கான் தொடங்கிய பள்ளி, உலகக் கல்வியையும் மார்க்கத்தையும் ஒரு கூரையின்கீழ் கொணர முயன்றது. ஆனால் சாந்திநிகேதன்? வங்கக் கவிஞர் தாகூர் 1901இல் மரநிழலில் தொடங்கிய பள்ளி. முஸ்லிம் பள்ளியன்று. அதிலிருந்து அவர்கள் எடுத்தது எளிமையையும் அமைதியையும். நல்லது எங்கிருப்பினும் எடுத்துக்கொள்ளத் தயங்காத மனம் அது. நடுநிலை என்பதை வெறும் சொல்லாகக் கொள்ளாதவரிடமே இதைக் காணலாம். ஷின்கீத், இன்றைய மவ்ரீத்தானியாவில் உள்ளது. அங்குக் கூடாரங்களில் ஆசிரியர்கள் மாணவர்க்குக் கல்வியோடு, இயன்றவரை உணவும் தம் கையிலிருந்தே அளித்தனர். அந்த ஈகையை அவர்கள் எடுத்தனர்.

அல்அஸ்ஹரிலிருந்து எடுத்தது அதன் பாடங்களையன்று, அதன் வக்ஃபுகளை. ஆட்சிகள் பல மாறியும், அரச குலங்கள் பல மறைந்தும், அந்தப் பள்ளி ஆயிரம் ஆண்டு நின்றதற்குக் காரணம் அதற்கெனச் சமர்ப்பிக்கப்பட்ட நிலங்களும் கடைகளும் என்று அவர்கள் கண்டனர். இதிலொரு விந்தை இருக்கிறது. கொந்தோர் இந்தப் பாடத்தைச் செயல்படுத்திய அதே பத்தாண்டில், எகிப்தில் அது தலைகீழாயிற்று. 1952இல் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அறநிலைய வக்ஃபுகள் அமைச்சகத்தின் கைக்குச் சென்றன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அல்அஸ்ஹரே அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. குரு இழந்ததைச் சீடன் காத்தான்.

1948இல் மதியூன் கிளர்ச்சியின்போது ஆசிரியரும் மாணவரும் பள்ளியை விட்டு மலைப்பகுதிக்குத் தப்பி ஓடவேண்டியிருந்தது. அந்நாட்களின் துயரம் தனியே எழுதத் தக்கது. நாம் 1958க்குச் செல்வோம்.

அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள், மூன்று சகோதரர்களும் பள்ளியை வக்ஃபு செய்தனர். வளாக நிலம் ஏறத்தாழ 1.74 ஹெக்டேர், நெல்வயல் 16.85 ஹெக்டேர், 12 கட்டடங்கள். தம் பரம்பரைச் சொத்தை, தம் பெயரில் இருந்ததை, முன்னாள் மாணவர்களைக் கொண்ட 15 பேர் வக்ஃபு வாரியத்திடம் சமுதாயத்தின் சார்பில் ஒப்படைத்துவிட்டு, அந்நாள் முதல் அவ்வாரியத்தின் ஆணைக்குட்பட்ட ஊழியர்களாயினர். தம் பிள்ளைகளுக்கு அதில் வாரிசுரிமை இல்லை என்றாக்கினர். பள்ளி நடத்துபவர் பள்ளிக்கு உயிரூட்ட வேண்டுமேயன்றி, பள்ளியால் தாம் உயிர்வாழக் கூடாது என்பதைக் கொள்கையாக வைத்தனர். அடுத்த ஆண்டு, 1959 மார்ச்சில், வக்ஃபு நிலத்தைப் பேணி விரிவாக்குவதற்கென்றே தனி அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. ஒரு நுண்மை பாருங்கள்: கற்பிப்பவர் ஒருவர், சொத்தைக் காப்பவர் வேறொருவர், இருவரையும் கேள்வி கேட்பவர் மூன்றாமவர். நம் ஊர்களில் இம்மூன்றும் ஒரே கையில் இருந்து பட்ட பாடுகளை ஜமாஅத்தார் அறிவர்.

முழுவதும் குறையற்றது என்று நாம் புகழ வரவில்லை. 1985இல் ஸர்கஷீ மறைந்தபின் வாரியம் தேர்ந்த மூவரில் இருவர் நிறுவனர்களின் புதல்வர்களே. ஆனால் அவர்கள் வாரிசாக அமரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டு, குறித்த தவணைக்கு அமர்ந்தனர். பெரிய வேறுபாடு அது.

எளிமையும் தற்சார்பும்

1965ஆம் ஆண்டு யோக்யகார்த்தாவில் பெஸாந்த்ரென்கள் பற்றிய கருத்தரங்கில் இமாம் ஸர்கஷீ, தம் பள்ளியின் ஐந்து உயிர்நிலைகளை எடுத்துரைத்தார். ‘பஞ்ச ஜீவா’ என்பது அதன் பெயர். தமிழருக்கு உரை தேவையில்லை. இக்லாஸ், எளிமை, தற்சார்பு, சகோதரத்துவம், சுதந்திரம் ஆகியவை அவ்வைந்து.

எளிமை என்பதற்கு அவர் தந்த விளக்கம் கவனிக்கத் தக்கது. அது வறுமையன்று, செயலற்று ஒடுங்கிக் கிடப்பதுமன்று, தேவைக்கு ஏற்ற அளவு. செலவிடும்போது வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் இரண்டுக்கும் இடையில் நிற்போரைத் திருமறை புகழ்வதை நாம் பயானில் எத்தனை முறை கூறியிருப்போம்! அதை ஒரு பள்ளியின் சோற்றிலும் பாயிலும் செயலாக்கினர். செல்வந்தர் மகனும் விவசாயி மகனும் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே வரிசையில் நின்று உணவு பெற்று, தத்தம் துணியைத் தாமே துவைத்தனர். அதே பள்ளி நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் தேவையான செலவைக் குறைக்கவில்லை. எளிமையின் பேரில் ஓட்டைக் கூரையின் கீழ்ப் பிள்ளைகளை உட்காரவைப்பதை அவர்கள் எளிமை என்று சொல்லவில்லை. இதை நம்மில் சிலருக்காகவே எழுதுகிறோம்.

தற்சார்புக்கு அவர்கள் சொல் ‘பெர்டிகாரி’. சொந்தக் காலில் நிற்றல் என்னும் தொடரின் சுருக்கம். அவ்வாண்டுகளில் அதிபர் சுகர்னோவின் மேடைகளில் முழங்கிய சொல்லும் அதுவே. மாணவன் தன் காரியத்தைத் தானே செய்வது அதன் முதற்படி. பள்ளியே பிறர் தயவை நம்பி வாழாதிருப்பது அடுத்த படி. உதவ முன்வருவோரைத் தடுப்பதில்லை. ஆனால் அவ்வுதவி நின்றால் பள்ளி நிற்காது என்னும் நிலையில் இருப்பது.

அதன் நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆறாண்டு முடித்த மாணவன் ஓராண்டு எங்கேனும் ஆசிரியப் பணி செய்யவேண்டும் என்பது கட்டாயம். அதனால் இளம் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. வளாகத்தின் கூட்டுறவுக் கடையையும் சிற்றுண்டிச்சாலையையும் மாணவர் சங்கமே நடத்துகிறது. கணக்கெழுதுவதை அவர்கள் புத்தகத்தில் கற்பதில்லை, கல்லாவில் கற்கிறார்கள். ஆசிரியர்களின் பொறுப்பில் நெல் ஆலை, அச்சகம், ரொட்டித் தயாரிப்பு, கட்டடப் பொருள் கடை, மருந்துக் கடை என்று பல தொழில்கள் பிற்காலத்தில் வளர்ந்தன. அவற்றின் ஆதாயம் எவர் பைக்கும் செல்லாமல் பொதுநிதிக்குச் செல்கிறது. ஆசிரியக் குடும்பங்களின் பராமரிப்பு மாணவர் கட்டணத்திலிருந்து எடுக்கப்படாமல் இத்தொழில்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மாணவர் கட்டணம் அங்கு உண்டு. தேவ்பந்து போல இலவசமில்லை. எளியோரின் பிள்ளைகளுக்கு அது ஒரு தடை என்பதை மறைக்கத் தேவையில்லை.

இத்தற்சார்பின் பயன் 1967 மார்ச்சில் தெரிந்தது. மாணவரில் ஒரு பகுதியினர் தலைமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நிர்வாகம் பள்ளியையே மூடி, மாணவர் அனைவரையும் ஊருக்கு அனுப்பியது. பின்னர், தேர்ந்து அழைக்கப்பட்டோர் மட்டுமே திரும்பினர். வெளியிலிருந்து வரும் மானியத்தை எண்ணி நாளைக் கழிக்கும் பள்ளியால் இவ்வாறு செய்ய இயலுமா?

அரசு அங்கீகார விஷயத்திலும் இதுவே நடந்தது. எகிப்திலும் சவூதி அரேபியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் கொந்தோரின் சான்றிதழை ஏற்றுக்கொண்டிருந்த காலத்திலும், சொந்த நாட்டு அரசு ஏற்கவில்லை. பாடத்திட்டத்தை மாற்றியிருந்தால் எளிதில் கிடைத்திருக்கும். மாற்றவில்லை. 1998இல் மதவிவகார அமைச்சகமும், 2000இல் கல்வி அமைச்சகமும் பாடத்திட்டத்தை உள்ளவாறே ஏற்றன. பள்ளி தொடங்கி 74 ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் அங்குப் பயின்றவர்கள் அரசுத் தேர்வைத் தனியே எழுதவேண்டிய சிரமத்தைச் சுமந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொள்கையின் விலையைப் பிள்ளைகளும் கொடுத்தனர்.

நடுநிலை பற்றி ஒரு சொல். கொந்தோர் தோன்றிய அதே 1926இல்தான் நஹ்ளத்துல் உலமாவும் தோன்றியது. 1912 முதல் இயங்கிவந்த முஹம்மதிய்யாவுக்கும் அதற்கும், ஸுப்ஹில் குனூத் ஓதுவது முதல் பல விஷயங்களில் கருத்து வேறுபாடு. ஊர்கள் இரண்டுபட்டன. (இதை விளக்கி எழுதும் தேவை நம் ஜமாஅத்துக்கு இல்லை!) எல்லாத் தரப்புக்கும் மேலே, எல்லாத் தரப்புக்குமாக என்று கொந்தோர் தன்னை வைத்துக்கொண்டது. மேல் வகுப்புகளில் ஃபிக்ஹுக்கு இப்னு ருஷ்து (ரஹ்) அவர்களின் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ பாடமாயிற்று. ஒவ்வொரு மஸ்அலாவிலும் இமாம்கள் ஏன் வேறுபட்டனர் என்று காரணத்தைக் காட்டும் நூல் அது. பிறர் ஏன் அவ்வாறு செய்கிறார் என்று தெரிந்தவனுக்குச் சண்டையிடும் ஆவல் குறைகிறது.

அதன் விளைவை ஒரு தகவலால் காட்டலாம். 1999 முதல் 2010 வரை நஹ்ளத்துல் உலமாவின் தலைவராயிருந்த ஹாஷிம் முஸாதியும், 2005 முதல் 2015 வரை முஹம்மதிய்யாவின் தலைவராயிருந்த தீன் ஷம்ஸுத்தீனும் கொந்தோரின் மாணவர்கள். ஐந்தாண்டு காலம், எதிரெதிரே நின்ற இரு பேரியக்கங்களுக்கும் ஒரே பள்ளியின் பிள்ளைகள் தலைமை தாங்கினர். சிந்தனையாளர் நூர்கோலிஷ் மஜீதும் அங்குப் பயின்றவரே. கடும்போக்கில் சென்று 2011இல் தண்டனை பெற்ற அபூபக்கர் பஅஸீரும் அங்குப் பயின்றவரே. பள்ளி விதையைத்தான் தரும். மண் வேறு, மழை வேறு.

இன்னொரு நிழலும் உண்டு. மூத்த மாணவரே இளையோரைக் கட்டுப்படுத்தும் முறை அங்குத் தற்சார்பின் ஒரு கூறு. 2022 ஆகஸ்டில், மூத்த மாணவர்கள் தாக்கியதில் ஒரு மாணவர் உயிரிழந்தார். முதலில் வேறு காரணம் கூறப்பட்டு, குடும்பத்தார் உறுதியாக நின்றபின் நிர்வாகம் உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எவர் கைக்கும் கட்டுப்படாத பள்ளி, எவர் கேள்விக்கும் கட்டுப்படாத பள்ளியாகிவிடக் கூடாது என்னும் அச்சம் நமக்கு இதைப் படித்தபோது எழுந்தது.

ஆக, நிலையான வருமானமே வேண்டாம் என்றது தேவ்பந்து. நிலையான வருமானத்தை நாமே உண்டாக்குவோம் என்றது கொந்தோர். இரண்டும் முரண் என்று முதலில் நினைத்தோம். இப்போது அவ்வாறு தோன்றவில்லை. அரசன் தந்ததை அரசன் பறித்ததைக் கண்டவர்கள் தேவ்பந்தார். அவர்கள் சிறு கைகள் பலவற்றில் பாதுகாப்பைத் தேடினர். தந்தை கட்டியதை வாரிசு கெடுத்ததைக் கண்டவர்கள் கொந்தோரார். அவர்கள் குடும்பத்தின் கையிலிருந்து சொத்தை எடுத்து வக்ஃபில் பாதுகாப்பைத் தேடினர். நோய்க்கேற்ப மருந்து. இரு சாராரும் செய்யாதது ஒன்று: ஆசிரியரை நியமிக்கும் உரிமையைப் பணம் தருபவரிடம் அவர்கள் ஒப்படைக்கவில்லை.

இனி நம் நோய் எது? அரசனும் பறிக்கவில்லை, வாரிசும் கெடுக்கவில்லை. நம் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக உள்ள கடைகளைப் பாருங்கள். முன்னோர் நிர்ணயித்த வாடகையே இன்றும். அதிலும் பல மாதப் பாக்கி. வாடகைதாரர்களில் பெரும்பாலோர் நம் ஜமாஅத்தாரே. ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் அமர்பவர்களும் உண்டு. அவ்வாடகையிலிருந்து ஊதியம் பெறும் நாம் இதை எழுதுவது அழகன்று என்று சிலர் கூறக்கூடும். ஆனாலும் எழுதுகிறோம். அக்கடைகளுக்குத் தெருவில் மற்றவர் தரும் வாடகையில் பாதி வந்தாலும், மக்தபின் உஸ்தாதுமார் இருவருடைய ஊதியத்துக்கு எவருடைய கடிதமும் தேவைப்படாது என்பது பொருளாளர் நமக்குக் காட்டிய கணக்கு. கட்டடத்துக்கு அது போதாது, உண்மை. கட்டடத்தை அச்சகோதரரிடம் நிபந்தனையின்றி வக்ஃபாகக் கேட்கலாம் என்றும், பெயர்க் கல் ஒன்று வைப்பதில் குறையில்லை என்றும், நியமன உரிமையை மட்டும் தர இயலாது என்றும் நாம் கமிட்டியாரிடம் கூறியுள்ளோம். அவர் மறுத்தால் ஒரு மாடியோடு, நம் கையிருப்புக்கேற்பக் கட்டுவோம்.

இரண்டு விஷயங்களும், அதாவது கடிதத்துக்கான பதிலும் கடை வாடகைத் திருத்தமும், ரமளானுக்கு முன் கூடவிருக்கும் பொதுக்குழுவில் வைக்கப்படும். கடிதத்தின் நகலும் கடைகளின் வாடகைப் பதிவேடும் அலுவலகத்தில் உள்ளன. அஸர் தொழுகைக்குப்பின் எவரும் வந்து பார்வையிடலாம்.